பழைய அம்பாசடரின் சீட் பெல்ட்டுக்கு எந்த போல்ட், எங்கே கிடைக்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வண்டி 1969ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2. முந்தைய உரிமையாளர் முன்பக்கம் இருவருக்கும் தோளும் இடுப்பும் சேர்ந்த மூன்றுமுனை பெல்ட் மாட்டியிருக்கிறார். டிங்கரிங் வேலைக்காக எல்லாவற்றையும் கழற்றியபோது ஆறு போல்ட்டுகளில் இரண்டு தொலைந்துவிட்டன. ஒன்று தலை அறுந்து வந்தது. மூன்று நல்ல நிலையில் கையில் இருக்கின்றன. கையில் இருப்பதைக் காட்டி ஹார்டுவேர் கடையில் வாங்கிய புதிய போல்ட் மற்ற இடங்களில் சரியாக ஏறுகிறது, ஓட்டுநர் பக்கத் தரையில் உள்ள நட்டில் மட்டும் ஏறினாலும் ஆடுகிறது. மீதிச் சாமான்களை எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஒரு நட்டில் போல்ட் ஆடுவதைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் அதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தாலும், எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான்.

சீட் பெல்ட் போல்ட்டின் அளவு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. விட்டம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஏழு பங்கு, அதாவது நம் பட்டறைக் கணக்கில் மூன்றரை நூல். மரை அங்குலத்துக்கு 20. மரையின் வகை யூ.என்.எஃப். என்கிற நுண்மரை. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு பெல்ட் கட்டாயமானபோது பெல்ட் தொகுதிக்கான அரசு விதியில் இந்த அளவு பெயர் சொல்லியே எழுதப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 14இலும் காரின் உடலில் உள்ள மரைத்துளை இதே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. முழுக்க முழுக்க மில்லிமீட்டர் கணக்கில் கட்டப்பட்ட ஜப்பானியக் காரைப் பிரித்துப் பார்த்தாலும், சீட் பெல்ட் போல்ட் மட்டும் அங்குல மரையோடு வெளியே வரும். தலைக்கு 17 மி.மீ. ஸ்பேனர் பொருந்துவதால் அது மெட்ரிக் போல்ட் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். தலையின் அளவு வேறு, மரையின் அளவு வேறு. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

இங்கேதான் பொறி இருக்கிறது. 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட எம்12 நுண்மரை நட் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பொருள். மூன்றரை நூல் போல்ட்டின் விட்டம் 11.11 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. இடைவெளியில் வித்தியாசம் வெறும் 0.02 மி.மீ. என்பதால் அந்த போல்ட் எம்12 நட்டுக்குள் தடையே இல்லாமல் சுழன்று ஏறும், கொஞ்சம் ஆட்டம் மட்டும் இருக்கும், கடைசியில் ஓரளவு இறுகவும் செய்யும். ஆனால் நட்டின் மரை முகட்டுக்கு முகடு விட்டம் சுமார் 10.65 மி.மீ. ஆகையால், போல்ட்டின் மரை ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நட்டின் மரையைத் தொடுகிறது. சரியான இணையில் தொட வேண்டிய ஆழத்தில் இது மூன்றில் ஒரு பங்கு. கையால் இழுத்தால் நிற்கும், விபத்தில் மரை முழுவதையும் சீவிக்கொண்டு போல்ட் வெளியே வந்துவிடும்.

மற்ற இடங்களில் ஒழுங்காக ஏறும் அதே போல்ட் ஒரே ஒரு நட்டில் ஆடுகிறது என்றால், இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, முன்பு எப்போதோ அந்த இடத்தில் மரை போய், யாரோ மரை வெட்டும் கருவியான எம்12 டேப்பை ஓட்டியோ எம்12 நட்டைப் பற்றவைத்தோ சமாளித்திருக்கிறார்கள். அல்லது, நட் சரியான அளவுதான், ஆனால் துருவும் தேய்மானமும் சேர்ந்து மரையைத் தின்றுவிட்டன. எதுவாக இருந்தாலும் அதற்குப் பொருத்தமான போல்ட்டைத் தேடி அலைய வேண்டாம். மாற்ற வேண்டியது அந்த நட்டையும் அதைத் தாங்கும் தகட்டையும்தான்.

உறுதி செய்துகொள்ளும் முறை எளிது. கையில் இருக்கும் பழைய போல்ட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வெர்னியர் காலிப்பரால் மரையின் மேல்விட்டத்தை அளந்து பாருங்கள், 11 மி.மீ. அல்லது அதற்கு ஒரு முடி அளவு மேலே காட்டினால் மூன்றரை நூல், 11.8க்கு மேல் காட்டினால் எம்12. பிறகு மரைக் கேஜ் வைத்து அங்குலத்துக்கு 20 என்ற இதழ் வெளிச்சம் தெரியாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். கேஜ் இல்லையென்றால் அரை அங்குல நீளத்துக்குள் மரை முகடுகளை எண்ணலாம். பத்து வர வேண்டும். எண்ணி மட்டும் 1.27ஐயும் 1.25ஐயும் பிரித்தறிய முடியாது என்பதால் விட்டத்தை அளப்பதைத் தவிர்க்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் மரையான பி.எஸ்.எஃப்.இல் இதே விட்டத்துக்கு 18 மரை வரும்; அது இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி மாட்டிக்கொள்ளும் என்பதால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்றுவது எம்12 மட்டுமே.

அளவு முடிந்தது, அடுத்தது வடிவம். கையில் உள்ள மூன்று போல்ட்டுகளையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். அவற்றில் சிலவற்றிலாவது தலைக்குக் கீழே, மரை தொடங்குவதற்கு முன், மரையே இல்லாத தடித்த கழுத்துப் பகுதி ஒன்று இருக்கும். பட்டறையில் இதை ஸ்டெப் போல்ட் என்பார்கள். பெல்ட்டின் முனையில் உள்ள தகடு அல்லது நாடா நுழைந்து வரும் தோள்பக்க வளையம் அந்தக் கழுத்தின்மேல் உட்காருகிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் கழுத்தின் அடிப்பகுதிதான் வண்டியின் உடலோடு இறுகும், பெல்ட்டின் தகடு சுதந்திரமாகத் திரும்பும். இழுவிசை வரும் திசைக்கு அது தானாகத் திரும்பிக்கொண்டால்தான் நாடா முழு அகலத்திலும் ஒரே சீராக இழுபடும். திரும்ப முடியாமல் இறுகிவிட்டால் நாடாவின் ஒரு விளிம்பு மட்டும் சுமை முழுவதையும் தாங்க வேண்டியிருக்கும், கிழிவதும் அங்கேதான் தொடங்கும்.

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். என்னுடைய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டில் தோள்பக்க வளையத்துக்கு ஸ்டெப் போல்ட் கிடைக்காமல், அதே மரையுள்ள சாதாரண முழுமரை போல்ட்டைப் போட்டு நன்றாக இறுக்கிவிட்டேன். பார்ப்பதற்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து வளையத்தில் நாடா ஒரு பக்கமாகக் குவிந்து, விளிம்பு பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருப்பதைக் கண்டபோதுதான் விஷயம் புரிந்தது. போல்ட்டுக்கு மிச்சம் பிடித்தது பெல்ட்டோடு போயிற்று.

ஸ்டெப் போல்ட்டோடு சேர்ந்து வரும் சில்லறைச் சாமான்களும் உண்டு: நெளிவாக இருக்கும் அலை வாஷர், பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் வளையம், சில இடங்களில் ஒரு சிறிய குழாய்த்துண்டு. அலை வாஷர் தகடு கடகடக்காமல் பிடித்துக்கொண்டே திரும்பவும் விடுகிறது. அதற்குப் பதிலாக ஸ்பிரிங் வாஷர் போட்டால் திரும்புவது நின்றுவிடும். கழற்றியபோது எந்த வரிசையில் இருந்தன என்பதற்குப் படம் எடுத்து வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். எடுக்கவில்லையென்றால் வரிசை இதுதான்: தலைக்குக் கீழே பெல்ட்டின் தகடு, அடுத்து அலை வாஷர், கடைசியில் வண்டியின் உடல். தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் வளையம் இருந்தால் அது தேய்மானத்துக்கானது.

இனி வலிமை. மூன்றரை நூல் நுண்மரை போல்ட்டின் இழுவைப் பரப்பு சுமார் 76.6 சதுர மி.மீ. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் இந்த அளவில் ஏறக்குறைய ஆறு டன் இழுவையைத் தாங்கும், 10.9 என்றால் எட்டு டன். அங்குலப் போல்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும்: தலையில் மூன்று கோடு இருந்தால் எஸ்.ஏ.இ. என்கிற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரம் 5, ஏறத்தாழ 8.8க்குச் சமம்; ஆறு கோடு இருந்தால் தரம் 8, ஏறத்தாழ 10.9க்குச் சமம். தலை மொட்டையாக இருந்தால், அதாவது எந்தக் குறியும் இல்லையென்றால், அது சாதாரண மைல்டு ஸ்டீல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

எவ்வளவு விசை வரும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் சீராக நிறுத்தப்பட்டால் அவர்மீது செயல்படும் விசை சுமார் 13,500 நியூட்டன். ஏறக்குறைய 1,375 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். மேலே சொன்ன ஐ.நா. விதி, மூன்றுமுனை பெல்ட்டின் பிடிமானங்களைச் சோதிக்கும்போது தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் ஒரே நேரத்தில் தலா இதே 13,500 நியூட்டனைக் கொடுக்கச் சொல்கிறது. இந்த எண்ணையும் போல்ட்டின் ஆறு டன்னையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒழுங்கான போல்ட் முதலில் அறுந்து போகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது தெரியும். பழைய வண்டிகளில் தோற்பது பெரும்பாலும் போல்ட்டைப் பிடித்திருக்கும் தகடு.

எனவே உங்கள் நேரத்திலும் பணத்திலும் பெரும்பங்கைத் தகட்டுக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்பாசடருக்கு உடலைத் தாங்கும் தனிச் சேஸி கிடையாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த உடல் அது. தரை, கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’, கூரையைத் தாங்கும் பில்லர் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் வலிமை. அந்தத் தரையின்மேல் ரப்பர் பாயும் அதன் அடியில் சணல் மெத்தையும் போட்டு ஐம்பது மழைக்காலம் ஓட்டியிருக்கிறார்கள். மெத்தை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; மேலே வண்ணம் நன்றாக இருக்கும்போதே அடியில் தகடு காகிதமாகிவிடும். போல்ட் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குப் பாயையும் தார்ப்பூச்சையும் நீக்கி, ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அங்கே புதுத் தகடு போட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் வண்டி இப்போது டிங்கரிங்கில் பிரிந்து கிடப்பது நல்ல வாய்ப்பு. வண்ணம் அடித்த பிறகு இந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் வெறும் தரைத்தகட்டில் துளையிட்டு, அடியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வாஷரும் நட்டும் போட்டு முடித்திருந்தால், நல்ல தகடாக இருந்தாலும் அது போதாது. விசை வரும்போது வாஷர் தகட்டைக் கிண்ணம்போல் வளைத்து, துளை வழியே மேலே வந்துவிடும். விசையைப் பரப்பிக் கொடுக்கத் தாங்குதகடு வேண்டும். மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு, உடலில் பொருத்தப்படும் ஒவ்வொரு பெல்ட் பிடிமானத்துக்கும் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிப்பும் கொண்ட எஃகுத் தகட்டைக் கேட்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்கும் அதையே அளவுகோலாகக் கொள்வது என் வழக்கம், 65 மி.மீ. சதுரம் வெட்டினால் கணக்குச் சரியாகிவிடும். மூலைகளை உருட்டிவிடுங்கள், விளிம்புகளை அரம் போட்டு மழுக்குங்கள், இல்லையென்றால் கூரிய விளிம்பே தரைத்தகட்டைக் கத்திபோல் அறுக்கும்.

தகடு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பெல்ட் மேலே இழுக்கிறது. ஆகவே தகடு தரைக்கு அடியில், பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே வைத்துப் பற்றவைத்தால் விசை முழுவதும் வெல்டிங்கின்மீதே விழும். நட்டுக்கும் இதே நியாயம்தான். நட் தகட்டின் கீழ்ப்பக்கம் இருந்தால் இழுவிசை நட்டைத் தகட்டோடு அழுத்தும். மேற்பக்கம் இருந்தால் நட்டைப் பிய்த்தெடுக்கப் பார்க்கும். பற்றவைப்பதற்கு ஹைடென்சைல் எனப்படும் உயர்வலிமை நட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சூட்டில் அது நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். பற்றவைக்கவென்றே செய்யப்படும் வெல்டு நட் கிடைக்கும். அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருந்தால் முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தப் புகை உடலுக்குக் கெடுதி. பற்றவைக்கும்போது மரைக்குள் வீணாகப் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய போல்ட்டை ஏற்றி வைத்திருந்தால் தீப்பொறித் துளிகள் மரையில் ஒட்டாது. ஆறிய பிறகு அங்குலத்துக்கு 20 மரையுள்ள சரியான டேப்பை ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்யலாம்.

நடு பில்லரில் தோள்பக்கப் பிடிமானம் இருக்கும் இடத்தில் தகடு இரட்டைச் சுவராகப் பெட்டிபோல் இருக்கும். அங்கே வெளிச்சுவரிலிருந்து உள்சுவர் வரை போல்ட் ஓட்டி இறுக்கினால் பெட்டி நசுங்கும். உள்சுவரில் மட்டும் தாங்குதகடும் நட்டும் வைத்து, தேவையானால் பில்லரில் ஒரு வாசல் வெட்டி உள்ளே தகட்டைச் செலுத்திப் பற்றவைத்துவிட்டு வாசலை மூட வேண்டும். நல்ல டிங்கருக்கு இது அரைநாள் வேலை. துளைக்குள் செருகி விரியவைக்கும் ரிவெட் நட் வகைகளை இங்கே யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அவை நம்பர் பிளேட் மாட்டத் தகுந்தவை.

இப்போது எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். சீட் பெல்ட் போல்ட் எல்லாக் கார்களுக்கும் ஏறக்குறைய பொது என்று மேலே சொன்னது இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். அம்பாசடருக்கான போல்ட் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கையை விரிப்பார்கள். இன்றைக்குச் சாலையில் ஓடும் சாதாரண ஜப்பானிய, கொரிய வகைக் கார் ஒன்றின் முன்னிருக்கை பெல்ட் போல்ட் என்று கேட்டால், அந்தக் கார் நிறுவனத்தின் உதிரிபாகக் கடையிலேயே புதிதாக, கழுத்தும் அலை வாஷரும் வளையமுமாக, சில சமயம் மரையில் இறுக்கப் பசை பூசியபடியே கிடைத்துவிடும். முதலில் செல்ல வேண்டிய இடம் என்று நான் கருதுவது இதைத்தான். கையில் உள்ள பழைய போல்ட்டையும் ஒரு சரியான யூ.என்.எஃப். நட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே நட்டை விரலால் ஏற்றிப் பாருங்கள். கழுத்தின் விட்டமும் உயரமும் உங்கள் பெல்ட் தகட்டின் துளைக்கும் தடிப்புக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பெல்ட்டின் முனைத்தகட்டையும் கையோடு கொண்டு போவது நல்லது. கழுத்து தகட்டைவிட ஓரிழை உயரமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தகடு நசுங்கி இறுகும், என் ஹெரால்டு கதைதான் திரும்பும்.

இரண்டாவது வழி பழைய இரும்புச் சந்தை. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று உங்களுக்கு எது பக்கமோ அது. அங்கே புதிய கார்களின் போல்ட்டுகளைத் தேடுவதைவிட, கடைசிக் கால அம்பாசடர் ஒன்று உடைபட வந்தால் அதை நிதானமாகப் பார்வையிடுவதுதான் பெரிய லாபம். உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடர் தயாரானது. பிற்கால வண்டிகளில் முன்னிருக்கை பெல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. அடிப்படை உடல் பெரிதும் மாறாததால், பில்லரில் எந்த உயரத்தில், தரையில் எந்த இடத்தில் அவர்கள் பிடிமானம் வைத்தார்கள் என்பதை அளந்து குறித்துக்கொள்ளலாம். அந்த அளவுகள் எந்தப் புத்தகத்திலும் கிடைப்பதைவிட உங்களுக்குப் பயன்படும். துரு இல்லாமல் இருந்தால் பிடிமானத் தகட்டைச் சுற்றுத் தகட்டோடு சேர்த்து வெட்டி வாங்கி, மாதிரியாக வைத்துக்கொண்டு புதிதாகச் செய்யலாம். ஆனால் முன்பக்கம் மோதி நசுங்கிய வண்டியிலிருந்து போல்ட்டையோ பெல்ட்டையோ எடுக்க வேண்டாம். ஒருமுறை விபத்தில் இழுபட்ட சாமான் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கும்.

மூன்றாவது, மரையாணிகளுக்கென்றே இருக்கும் மொத்தக் கடைகள். சென்னைப் பாரிமுனையில் செம்புதாஸ் தெருவை ஒட்டிய கடைகளிலும், பிற நகரங்களில் லேத் பட்டறைகளுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளிலும், மூன்றரை நூல் யூ.என்.எஃப்., 20 மரை, ஹைடென்சைல் என்று முழுப்பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பாதி சொன்னால் 14 மரையுள்ள பெருமரை போல்ட்டைத் தருவார்கள். பெயர் தெரிந்த உற்பத்தியாளரின் முத்திரையும் தர எண்ணும் தலையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இங்கே கிடைப்பது கழுத்தில்லாத போல்ட் ஆகையால் தாங்குதகட்டை இறுக்கவும், நாடா சுருண்டுகொள்ளும், திரும்பத் தேவையில்லாத சுருள்பெட்டியின் அடிப்பகுதியைப் பிடிக்கவும் மட்டுமே பொருந்தும். ஸ்டெப் போல்ட் கிடைக்காவிட்டால் லேத்தில் ஒரு கழுத்துப்புஷ் கடைந்து சாதாரண போல்ட்டின்மேல் போட்டுக்கொள்ளலாம். எஃகில் கடையச் சொல்லுங்கள், பித்தளையிலோ அலுமினியத்திலோ வேண்டாம். போல்ட்டையே லேத்தில் கடைவது எனக்கு உடன்பாடில்லை. எந்த உருக்கு, எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தியது என்று கடைபவருக்கே தெரியாது.

நான்காவது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. பழைய கார்களுக்கு பெல்ட் செய்யும் சிக்யூரான் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் போல்ட், வாஷர், வளையம், நட் பற்றவைத்த தாங்குதகடு அனைத்தையும் ஒரே பொட்டலமாகத் தருகின்றன. மாரிஸ் மைனர், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம் என்பதால் இந்தச் சாமான்களுக்கு அங்கே ஓய்வில்லாத தேவை இருக்கிறது. தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் விலை கசக்கும். ஆறு பிடிமானங்களையும் புதிதாகச் செய்வதாக இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களுக்கு இந்த ஆசை தவிர்க்க முடியாதது. கையில் உள்ள நல்ல மூன்று போல்ட்டுகளைத் துத்தநாகப் பூச்சுக்குக் கொடுக்கத் தோன்றும். ஹைடென்சைல் உருக்கை அமிலத்தில் முக்கி மின்பூச்சுக் கொடுக்கும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும்; பூச்சு முடிந்தவுடன் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். சிறிய பூச்சுப் பட்டறைகளில் இதைச் செய்வது அரிது. தரம் உயர உயர ஆபத்தும் உயரும், எனவே 12.9 தர அலன் போல்ட் இன்னும் வலிமையானதுதானே என்று அதைப் போட நினைப்பதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். விபத்தில் சற்று வளைந்து கொடுக்கும் போல்ட் திடீரென ஒடியும் போல்ட்டைவிட மேல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 தரம் 8.8ஐவிட வலிமை குறைந்தது. ஓடோமீட்டர் மூடியைப் பிடிக்க அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பெல்ட்டின் கோணத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் வண்டியில் முன்னிருக்கை ஒரே நீள பெஞ்ச். அது முன்னும் பின்னும் நகரும், ஆனால் பிடிமானம் தரையில் நிலையாக இருக்கிறது. இருக்கையை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்து, இடுப்புப் பட்டை தரையோடு 30 முதல் 75 டிகிரிக்குள் கோணம் அமைக்கிறதா என்று பாருங்கள். மிகவும் படுத்திருந்தால் பட்டை இடுப்பெலும்பைவிட்டு வயிற்றுக்கு ஏறும். தோள்பக்கப் பிடிமானம் தோளின் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைப் பில்லரில் தாழ்வாகவோ பின்தரையிலோ வைத்திருந்தால் பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்புக்குச் சுமை கொடுக்கும், அந்த இடத்தை மாற்றாமல் புதிய போல்ட் வாங்குவதில் பயனில்லை. நாடா தானாகச் சுருளும் வகையாக இருந்தால், சுருள்பெட்டியை அது எந்த நிலைக்காகச் செய்யப்பட்டதோ அதே நிலையில் மாட்டுங்கள். நேராக நிற்க வேண்டிய பெட்டி சாய்ந்திருந்தால் எப்போதும் பூட்டிக்கொண்டே இருக்கும், இல்லையேல் பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது.

போல்ட்டை முதலில் விரலாலேயே முழுதும் ஏற்றுங்கள். ஸ்பேனர் தொடாமலே நட்டின் முழு ஆழத்துக்கும் போக வேண்டும், நட்டுக்கு அப்பால் இரண்டு மரையாவது தெரிய வேண்டும். மரையில் பசை இல்லாத போல்ட்டுக்கு நீல நிற, நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை ஒரு துளி போதும். இறுக்கும் அளவுக்கு டொயோட்டாவின் பணிமனைக் கையேடுகளில் காணும் 42 நியூட்டன் மீட்டரை நான் பின்பற்றுகிறேன். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் காலால் மிதித்து இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம், அதில்தான் பல நல்ல மரைகள் போயிருக்கின்றன. இறுக்கி முடித்த பின் பெல்ட்டின் முனைத்தகட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். திரும்ப வேண்டும், கடகடக்கக் கூடாது.

ஓட்டுநர் பக்கத் தரையில் ஆடும் அந்த நட்டை மட்டும் பழைய போல்ட் போட்டுக்கூடச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். வண்டி டிங்கரிடம் இருக்கும்போதே அதை வெட்டி எடுத்துவிட்டு, 3 மி.மீ. தகட்டோடு புதிய நட் வைக்கச் சொல்லிவிடுங்கள். வெல்டிங் தொடங்குவதற்கு முன் பெல்ட் நாடாக்களை வண்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்க மறக்காதீர்கள், ஒரு தீப்பொறி பட்டாலும் அந்த நாடாவை எறிய வேண்டியதுதான்.